காரீயக் கருக்களை மோதவிட்டு எதைப் படிக்கிறார்கள்?

காரீயத்தைத் தங்கமாக்கிவிட்டார்கள் என்ற செய்தி 2025 மே மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வரை வந்து சேர்ந்தது. ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் அறிவிப்பு அது. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அது சித்தர்களின் ரசவாதக் கதைகளோடு சேர்ந்தே சுற்றியது. செம்பனைத் தோட்டத்திலிருந்து என் மாலை வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள்: “உண்மையா ஐயா? உண்மையென்றால் தங்க விலை ஏன் இறங்கவில்லை?”

செய்தி உண்மைதான். விலையை அசைக்கும் அளவுக்குத் தங்கம் அங்கே இல்லை. 2015 முதல் 2018 வரை செர்னின் பெரும் ஹாட்ரான் மோதி என்னும் துகள் மோதல் இயந்திரத்தில் உருவான தங்கக் கருக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்று அலிஸ் ஆய்வுக் குழு கணக்கிட்டது. எடையாகச் சொன்னால் 29 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காகப் பிரித்து 29 பங்கை எடுத்தால் வருவது அவ்வளவுதான். அதுவும் நிலைக்கவில்லை. பிறந்த வேகத்திலேயே குழாயின் சுவரிலோ தடுப்புகளிலோ மோதிச் சிதறிப்போனது.

செய்தியைப் பகிர்ந்தவர்களில் பலர் கவனிக்காத விவரம் ஒன்று உண்டு. மோதத் தவறிய கருக்களிலிருந்து வந்த தங்கம் இது. 82 புரோட்டான்களைக் கொண்ட காரீயக் கரு ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும்போது அதைச் சுற்றிக் கடுமையான மின்காந்தப் புலம் எழுகிறது. இரண்டு கருக்கள் தொடாமல் மிக நெருங்கிக் கடந்துபோனால், ஒன்றின் புலம் மற்றொன்றை உலுக்கிச் சில புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் உதிர்த்துவிடும். மூன்று புரோட்டான்கள் உதிர்ந்தால் மிஞ்சுவது 79. அந்த எண்ணுக்குரிய தனிமம் தங்கம். ஆனால் காரீயத்தை அந்த இயந்திரத்தில் ஓடவிடுவது இதற்காக இல்லை. கருக்கள் நேருக்கு நேர் மோதும்போது என்ன நடக்கிறது என்பதற்காக. கன அயனி (எலக்ட்ரான்களை இழந்த கனமான அணு) மோதல் இயற்பியல் என்பது அந்தப் படிப்பு. தங்கச் செய்தியைவிடப் பல மடங்கு வியப்பானது அது என்பது என் உறுதியான எண்ணம்.

உள்ளே போகுமுன் ஒன்று. பேராக்கில் அணுக்கரு என்று பேச்செடுத்தாலே பெரியவர்களுக்கு புக்கிட் மேரா நினைவுக்கு வரும். ஈப்போவுக்கு அருகே, வெள்ளீயச் சுரங்கக் கழிவு மணலில் கிடைத்த மோனசைட் கனிமத்தைப் பதப்படுத்திய அரிய மண் ஆலையின் தோரியக் கழிவு, அங்கிருந்த மக்களை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது மாறினாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. கொட்டிய இடத்தில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்த மக்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். காரீய மோதல் வேறு வகை. மோதியில் ஒரே நேரத்தில் ஓடும் காரீயம் முழுவதையும் சேர்த்தாலும், ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்குக் குறைவு. மூடிய வெற்றிடக் குழாய்க்குள், தரைக்கு அடியில் ஓடும் சோதனை அது. இந்த வேறுபாட்டை வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

எடை எங்கிருந்து வருகிறது

ஐந்தாம் படிவப் பாடம் அணுக்கருவை புரோட்டான், நியூட்ரான் என்று பிரித்துக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கும் உள்ளே குவார்க்குகள் இருக்கின்றன என்ற கருத்தை 1964-இல் முர்ரே கெல்-மானும் ஜார்ஜ் சுவைக்கும் தனித்தனியே முன்வைத்தார்கள். ஒரு புரோட்டானில் மூன்று குவார்க்குகள். அவற்றைக் கட்டிப்போடுபவை குளுவான் என்னும் துகள்கள். இந்தக் கட்டு மற்ற விசைகளைப் போன்றதன்று. காந்தத்தை விலக்கினால் இழுப்பு குறையும். குவார்க்கை விலக்கினால் இழுப்பு குறைவதே இல்லை. இன்னும் இழுத்தால், செலவிட்ட ஆற்றலிலிருந்து புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறந்து, பிரிந்தது மறுபடியும் கூட்டுக்குள் அடைந்துகொள்ளும். தனிக் குவார்க் ஒன்றை இதுவரை யாரும் பிடித்ததில்லை.

மறுபக்கமும் உண்டு. குவார்க்குகள் மிக நெருங்கும்போது, அல்லது மிக அதிக ஆற்றலோடு மோதும்போது, இந்த விசை தளர்கிறது. டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகிய மூவரும் 1973-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2004-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

இதிலிருந்து கிளைக்கும் உண்மை ஒன்றை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை. ஒரு புரோட்டானின் நிறை, ஆற்றல் அளவில், 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிலிருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் ஏறத்தாழ 9 தான் வரும். மீதி 99 விழுக்காடு எங்கே? அடைபட்ட குவார்க்குகளின் ஓட்டத்திலும் குளுவான் புலத்திலும் இருக்கும் ஆற்றல்தான் நிறையாகத் தெரிகிறது. செம்பனை ஆலையின் எடைமேடையில் ஏறும் லாரி, அதிலுள்ள குலைகள், ஓட்டுநர் எல்லாவற்றின் எடையும் பெரும்பாலும் இதுதான். பொருளின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் எவரும் இந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க ஆசைப்படுவார்கள்.

அவிழ்க்க முடியும் என்ற எண்ணம் 1975-இல் வந்தது. ஜான் காலின்ஸும் மால்கம் பெரியும், நியூட்ரான் விண்மீன்களின் நெரிசலான மையத்தில் குவார்க்குகள் கட்டவிழ்ந்து கிடக்கலாம் என்றார்கள். நிக்கோலா கபிபோவும் ஜோர்ஜியோ பரிசியும் வெப்பநிலையை ஏற்றினாலும் அது நடக்கும் என்றார்கள். எந்த வெப்பநிலையில் என்பதை இன்று கணினிகள் நன்றாகவே கணக்கிட்டிருக்கின்றன: சுமார் 1.8 லட்சம் கோடி கெல்வின். சூரியனின் மையம் 1.5 கோடி கெல்வின்தான். அதைப்போல் லட்சம் மடங்குக்கும் மேல். அந்த நிலையில் புரோட்டான், நியூட்ரான் என்ற எல்லைகள் கரைந்து, குவார்க்குகளும் குளுவான்களும் ஒரே பரப்பில் உலவும். அதன் பெயர் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில மைக்ரோநொடிகளில் பேரண்டம் முழுவதும் இதுவாகவே இருந்தது.

ஏன் கனமான கரு

இரண்டு புரோட்டான்களை மோதவிட்டாலும் ஆற்றல் கிடைக்கும். ஆனால் வெப்பநிலை என்ற சொல்லுக்கே கூட்டம் வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று பலமுறை இடித்துத் தங்களுக்குள் ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டால்தான் அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லலாம். 208 புரோட்டான்களும் நியூட்ரான்களும் கொண்ட காரீயம் அதற்கு ஏற்றது. அதன் கரு ஏறத்தாழ முழு உருண்டை என்பது கூடுதல் வசதி.

ஆற்றல் எவ்வளவு? 2015-இல் எட்டிய அளவில் இரண்டு காரீயக் கருக்கள் மோதும்போது மொத்தம் 1,000 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல். கேட்கப் பெரிதாக இருக்கும். ஓர் அரிசி மணியைத் தரையிலிருந்து மேசை உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல்தான் அது. அவ்வளவையும் ஒரு மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் சுமார் 14 பங்கே அகலமுள்ள இடத்துக்குள் திணிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தயாரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூய காரீயத்தைச் சிறிய அடுப்பில் ஆவியாக்கி, எலக்ட்ரான்களை உரிக்கிறார்கள். முதலில் 29, பிறகு 54, கடைசியில் 82-உம் போய் வெறும் கரு மட்டும் மிஞ்சும். படிப்படியாக வேகமேற்றி 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் எதிரெதிர்த் திசைகளில் விடுகிறார்கள். அந்த வேகத்தில், சார்பியல் விதிப்படி, உருண்டைக் கரு ஓடும் திசையில் 2,700 மடங்கு தட்டையாகிறது. இரண்டு மெல்லிய தட்டுகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்த பிறகு நடுவே தங்கும் வெப்பப் பொருளைத்தான் படிக்க வேண்டும். அது வாழ்வது 10⁻²² நொடிக்கும் குறைவு. பிறகு விரிந்து, குளிர்ந்து, சாதாரணத் துகள்களாக உறைந்து பறந்துவிடுகிறது. நடு மோதல் ஒன்றில் 20,000-க்கும் மேற்பட்ட மின்னூட்டத் துகள்கள் வெளிவரும்.

ஆக, குவார்க்-குளுவான் பிளாஸ்மாவை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. கருவிக்கு வந்து சேர்வது சிதறல் மட்டும்தான். இந்தத் துறையின் அறிவெல்லாம் சிதறலின் வடிவத்திலிருந்தும், சிதறலில் இருந்திருக்க வேண்டியது இல்லாமற்போனதிலிருந்தும் பெற்றது. மாணவர்கள் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நீள்வட்டம் சொன்ன சாட்சி

கருக்களை மோதவிடும் பழக்கம் 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வேரூன்றியது. 1986-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனிலும் செர்னிலும் உயர் ஆற்றல் சோதனைகள் தொடங்கின. 1994-இல் செர்னில் காரீயம் வந்தது. 2000 பிப்ரவரியில், புதிய பொருள்நிலைக்கான சான்று கிடைத்ததாக செர்ன் அறிவித்தது. அதே ஆண்டு புரூக்ஹேவனில், 3.8 கிலோமீட்டர் சுற்றளவில், தங்கக் கருக்களை மோதவிடும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. திருப்பம் அங்கேதான் நடந்தது.

அதுவரை பலரின் எதிர்பார்ப்பு, விசை தளர்ந்த குவார்க்குகள் வாயுவைப் போல ஒன்றையொன்று அதிகம் தீண்டாமல் திரியும் என்பதுதான். சோதித்த விதம் அழகானது. இரண்டு கருக்கள் நடுவோடு நடு மோதாமல் சற்று விலகி மோதினால், அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். உள்ளே இருப்பது வாயுவானால் துகள்கள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பறக்கும். நீள்வட்டத்தின் நினைவே அவற்றுக்கு இராது. உள்ளே இருப்பவை ஒன்றையொன்று வலுவாகத் தள்ளிக்கொண்டால் கதை வேறு. நீள்வட்டத்தின் குறுகிய பக்கத்தில் அழுத்தம் குறுகிய தூரத்துக்குள் சரிகிறது. ஆகவே அந்தப் பக்கம் தள்ளு அதிகம், அந்தத் திசையில் துகள்களும் அதிகம். 1992-இலேயே ஜான்-இவ் ஒலித்ரோ இதை அளவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அளவிடும் சூத்திரம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு துகளும் மோதல் தளத்தோடு (இரண்டு கருக்களின் மையங்களும் அவை ஓடும் திசையும் அடங்கிய தளம்) செய்யும் கோணத்தை இரட்டிப்பாக்கி, அதன் கொசைனை எடுத்து, எல்லாத் துகள்களுக்கும் சராசரி காண வேண்டும். பூச்சியம் வந்தால் எல்லாத் திசையும் சமம். பூச்சியத்துக்கு மேலே போகப் போகப் பாய்வு வலுவானது. ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தின் திரிகோணமிதி அலகை வெறும் மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் மாணவர்களிடம் நான் இதைத்தான் எழுதிக் காட்டுகிறேன். உலகின் மிகச் சூடான பொருளைப் பற்றிய முதன்மைச் சான்று ஒரு கொசைனின் சராசரி.

புரூக்ஹேவனில் அந்தச் சராசரி மிகப் பெரிதாக வந்தது. திரவ இயக்கவியல் சமன்பாடுகள், உராய்வே இல்லாத திரவம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் வரும் மதிப்பை அது ஒட்டியிருந்தது. 2005 ஏப்ரலில் நான்கு ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து அறிவித்தன: இது வாயு இல்லை, ஏறக்குறைய குறையற்ற திரவம். அதன் பாகுநிலையை, அதாவது பாய்வுக்கு அது காட்டும் தடையை, அதிலுள்ள என்ட்ரோபியோடு (ஒழுங்கின்மையின் அளவு) ஒப்பிட்டுப் பார்த்தால், அறிந்த திரவங்கள் எல்லாவற்றையும்விடக் குறைவு. பாவெல் கோவ்டன், டாம் சன், ஆந்த்ரே ஸ்டாரினெட்ஸ் ஆகியோர், கருந்துளைக் கணிதத்தின் வழியே, அந்த விகிதத்துக்கு ஒரு கீழ் எல்லையை முன்வைத்திருந்தார்கள். குவார்க் திரவம் அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 2002-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், லித்தியம் அணுக்களை ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குளிர்வித்து, நீண்ட வடிவத்தில் பிடித்துவைத்திருந்து விடுவித்தார்கள். அதுவும் குறுகிய பக்கமே பாய்ந்து விரிந்தது. வெப்பநிலையில் பத்தின் 18-ஆம் அடுக்கு அளவு வேறுபட்ட இரண்டு பொருள்கள், வலுவாகத் தள்ளிக்கொள்ளும் ஒரே காரணத்தால் ஒரே விதமாக நடக்கின்றன. இயற்பியலில் என்னை ஆழமாகத் தொட்ட செய்திகளில் இது முன் வரிசையில் இருக்கிறது.

பிறகு நடந்தது துறைக்குள் இருப்பவர்களுக்கே பாடமானது. 2005-க்குப் பின் சில ஆண்டுகள் துகள் இணைகளின் கோணப் பரவலில் விளங்காத மேடுகள் தெரிந்தன. வேகமான குவார்க் ஒலியை முந்திப் போய் உண்டாக்கும் அதிர்ச்சி அலை என்று கூட அதற்கு விளக்கம் சொன்னார்கள். 2010-இல் புராக் அல்வர், குந்தர் ரோலண்ட் இருவரும் எளிய ஒன்றைக் கவனித்தார்கள். கரு வழவழப்பான உருண்டையன்று. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒவ்வொரு மோதலிலும் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. ஆகவே படியும் பகுதி சில வேளை முக்கோணச் சாயலில் அமையும். கோணத்தை இரட்டிப்பாக்காமல் மூன்று மடங்காக்கிக் கொசைன் எடுத்தால் அந்த முக்கோணப் பாய்வு தெரிந்துவிடும். சமச்சீர் காரணமாக அது பூச்சியம்தான் என்று கருதி அதுவரை பெரும்பாலானோர் அதைப் பொருட்படுத்தவில்லை. அளந்தார்கள், மேடுகள் விளங்கின. 10⁻²² நொடிகூட வாழாத திரவம், தான் பிறந்த கணத்தின் மேடு பள்ளங்களைக் கடைசிவரை மறக்காமல் வைத்திருக்கிறது. இன்று அந்த நினைவைத் திருப்பிப் படித்துக் கருக்களின் வடிவத்தையே அறிகிறார்கள். 2024-இல் புரூக்ஹேவனின் ஸ்டார் ஆய்வுக் குழு யுரேனியக் கருவின் நீள்வடிவத்தை இவ்வழியில் அளந்து வெளியிட்டது.

காணாமற்போன தாரை

சிதறலில் இல்லாமற்போனதைப் பற்றியும் சொல்லவேண்டும். மோதலின் தொடக்கத்தில் சில வேளை இரண்டு குவார்க்குகள் கடுமையாக இடித்து எதிரெதிர்த் திசைகளில் பாயும். ஒவ்வொன்றும் ஒரு தாரையாக, துகள்களின் நெருக்கமான கட்டாக, கருவியில் பதியும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். திரவத்தின் ஓரத்தில் அந்த இடி நடந்தால், ஒரு தாரை உடனே வெளியேறும். மற்றது திரவம் முழுவதையும் கடக்க வேண்டும். கடந்தால் ஆற்றலை இழக்கும் என்று 1982-இலேயே ஜேம்ஸ் பியோர்கன் எழுதினார்.

புரூக்ஹேவனில் தங்க மோதல்களில் எதிர்த் தாரை மங்கியது. ஆனால் அதற்குத் திரவம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியுமா? தங்கக் கருவுக்குள் குவார்க்குகள் முதலிலேயே குறைவாகத் தெரிகின்றனவோ என்னவோ. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க 2003-இல் ஒரு தங்கக் கருவோடு ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே கொண்ட மிகச் சிறிய டியூட்டிரான் கருவை மோதவிட்டார்கள். அங்கே பெரிய திரவம் பிறக்காது. தங்கம் மட்டும் அப்படியே இருக்கும். தாரைகள் மங்கவில்லை. எனவே குற்றவாளி திரவம்தான் என்று உறுதியானது. எனக்கு 2005-இன் தலைப்புச் செய்தியைவிட இந்தச் சோதனையின் மீதுதான் மதிப்பு அதிகம். தன் முடிவைத் தானே சந்தேகித்து, அதைக் கவிழ்க்கக்கூடிய சோதனையைத் தேடிச் செய்தார்கள். 2010 நவம்பரில் செர்னில் காரீய மோதல் தொடங்கியதுமே, ஒரு பக்கம் உயர்ந்த கோபுரமாகவும் மறுபக்கம் சிதறிப்போனதாகவும் தாரைகள் அட்லஸ் கருவியில் பதிந்தன. குவார்க் விசைக்குக் கட்டுப்படாத ஒளித்துகள்களும் இசட் துகள்களும் அதே திரவத்தைச் சேதமில்லாமல் கடந்து வந்தன.

வேறு அடையாளங்களும் இருக்கின்றன. கனமான குவார்க் இணைகள் திரவத்தில் உருகிப்போவதை 1986-இல் டெட்சுவோ மட்சுயியும் ஹெல்முட் சாட்ஸும் முன்னுரைத்தார்கள். உருகியவை செர்னின் உயர் ஆற்றலில் மீண்டும் கூடுகின்றன என்று பிறகு தெரிந்தது. திரவம் சுழல்வதையும் 2017-இல் ஸ்டார் குழு அளந்தது.

சுங்கை சிப்புட்டிலிருந்து

பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் ஐயா?” பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் உழைத்த குடும்பம் கேட்கும் நியாயமான கேள்வி, சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். கன அயனி ஆய்வாளர் என்ற பதவிகள் உலகிலேயே குறைவு. மலேசியா செர்னின் உறுப்பு நாடு இல்லை. ஆனால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியலுக்கான தேசிய மையம் இருக்கிறது; செர்னின் சி.எம்.எஸ். சோதனையில் அதற்குப் பங்கு உண்டு. அந்த சி.எம்.எஸ். கருவியும் காரீய மோதல்களைப் பதிகிறது. இந்தப் படிப்பு கையில் தரும் திறன்கள், அதாவது கோடிக்கணக்கான பதிவுகளில் புள்ளியியல் செய்வது, நிரல் எழுதுவது, பிழையை மதிப்பிடுவது ஆகியவை, வங்கியிலும் மருத்துவக் கருவித் தொழிலிலும் விலைபோகும். இயற்பியலாளராக வேண்டும் என்ற வேகம் இல்லாத பிள்ளையை நான் இதில் தள்ளமாட்டேன். வேகம் உள்ள பிள்ளையைத் தடுக்கவும் விடமாட்டேன்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இது எட்டாத உயரம் என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியவில்லை. கொல்கத்தாவில் பிகாஷ் சின்ஹா போன்றவர்கள் 1980-களிலேயே இத்துறையில் இறங்கினார்கள். பிறகு இந்தியக் குழுக்கள் ஸ்டாருக்கும் அலிஸுக்கும் ஒளித்துகள்களை எண்ணும் கருவியையே செய்து கொடுத்தன. பெரிய முடுக்கி நாட்டில் இல்லாதது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. ஒரு சோதனையில் ஆயிரக்கணக்கானோர் பல நாடுகளிலிருந்து பங்கேற்கும் துறை இது. தரவு கணினிக்கு வந்துவிடும்.

இன்று அது வீட்டுக்கே வருகிறது. 2014-இல் தொடங்கிய செர்னின் திறந்த தரவுத் தளத்தில், 2010, 2011 ஆண்டுகளின் காரீய மோதல் தரவை சி.எம்.எஸ். குழு 2021-இல் வெளியிட்டது. கட்டணம் இல்லை. ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும். மேலே சொன்ன கொசைன் சராசரியைத் தானே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

என்ன படிக்க வேண்டும் என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. கருந்துளை, இணைப் பிரபஞ்சம் என்று மயக்கும் காணொளிகளிலிருந்து தொடங்க வேண்டாம். கூடுதல் கணிதத்தைக் கைவிடாதிருப்பதுதான் முதல் வேலை. திரிகோணமிதி, வெக்டர், நிகழ்தகவுப் பரவல் மூன்றும் அதிலேயே இருக்கின்றன, மூன்றும் இத்துறையின் அன்றாடக் கருவிகள். பிறகு ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ, எதுவானாலும் இயற்பியலும் கணிதமும் சேர்த்து. பல்கலைக்கழகத்தில் சிறப்புச் சார்பியல், வெப்பப் புள்ளியியல், குவாண்டம் விசையியல் ஆகியவற்றோடு திரவ இயக்கவியலையும் எடுக்க வேண்டும். பொறியியல் துறையில்தான் அது இருக்கும் என்று இயற்பியல் மாணவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்; இங்கே அது இல்லாமல் ஓரடி வைக்க முடியாது. பைத்தான் நிரல்மொழியை இப்போதே தொடங்கலாம்.

தீராத கேள்விகள் நிறைய மிச்சம் இருக்கின்றன. கருக்கள் மோதிய மாத்திரத்தில், 10⁻²³ நொடிக்குள்ளேயே, அந்தக் குழப்பம் எப்படி ஒழுங்கான திரவமாகிறது என்பது முழுதும் விளங்கவில்லை. திரவம் துகள்களாக உறையும் மாற்றம் மெல்ல நடப்பதிலிருந்து திடீரென நடப்பதாக மாறும் முனை ஒன்று எங்காவது உண்டா என்பதை ஆற்றலைக் குறைத்துக் குறைத்து ஸ்டார் குழு தேடியது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டப்படும் முடுக்கியும் அதைத் தேடப்போகிறது.

இப்போது துறையைப் பிடித்து உலுக்கும் கேள்வி வேறு: திரவம் எவ்வளவு சிறிதாக இருக்கலாம்? 2010-இல் புரோட்டான்-புரோட்டான் மோதல்களிலேயே, துகள்கள் மிக அதிகமாகப் பிறந்த நிகழ்வுகளில், கூட்டுப் பாய்வின் சாயல் தெரிந்தது. 2017-இல் அலிஸ் குழு அங்கே ஸ்ட்ரேஞ்ச் என்னும் வகைக் குவார்க் கொண்ட துகள்கள் பெருகுவதையும் கண்டது. காரீயத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்த அடையாளங்கள் அவை. ஆனால் மங்கிய தாரை மட்டும் அங்கே தெரியவில்லை. பாய்வு இருக்கிறது, மங்கல் இல்லை. பிறகு அதைத் திரவம் என்று எப்படிச் சொல்வது? இதை இடையிலிருந்து தீர்க்கத்தான் 2025 ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் பெரும் ஹாட்ரான் மோதியில் முதல்முறையாக ஆக்சிஜன் கருக்களையும், பிறகு நியான் கருக்களையும் மோதவிட்டார்கள். ஆக்சிஜன் கருவில் 16 புரோட்டான்களும் நியூட்ரான்களும்தான். அவ்வளவு சிறிய மோதலிலும் வேகமான துகள்கள் குறைவதை சி.எம்.எஸ். குழு கண்டது. எல்லை இன்னும் கீழே எங்கோ இருக்கிறது. அதற்கான அளவீடுகள் தொடர்கின்றன. அலிஸ் கருவியை முற்றிலும் புதிதாக மாற்றி 2030-களின் நடுவில் ஓடவிடும் திட்டமும் உண்டு. இன்று ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளை முனைவர் பட்டத்தை முடிக்கும் காலம் அது.